கருத்து மாறுபாடும் நல்லெண்ண விவாதமும்: இந்திய அரசியல் நிர்ணய சபை (1946–1949)

அறிமுகம்

இந்திய அரசியல் நிர்ணய சபை என்பது சுதந்திர இந்தியாவுக்கான அரசியலமைப்புச் சட்டத்தை உருவாக்குவதற்காக அமைக்கப்பட்ட பேரவை ஆகும். இது 1946 டிசம்பர் 9 அன்று புது தில்லியில் முதன்முறையாகக் கூடியது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் 11 கூட்டத்தொடர்களாக 165 நாள்கள் கூடிய இச்சபை, 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றது. அச்சட்டம் 1950 ஜனவரி 26 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இச்சபை எதைச் செய்து முடித்தது என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் விரிவாகக் கூறுகின்றன. எப்படிச் செய்து முடித்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. சபையில் இருந்தவர்கள் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர். காங்கிரசின் காந்தியவாதிகள், காங்கிரசைக் கடுமையாக எதிர்த்து வந்த அம்பேத்கர், முஸ்லிம் லீக் உறுப்பினர்கள், சோசலிசக் கொள்கையினர், இந்தியை முழுமூச்சுடன் ஆதரித்தவர்கள், அதை அஞ்சிய தென்னாட்டினர், பழங்குடி மக்களின் பிரதிநிதிகள், சுதேச அரசுகளின் சார்பில் வந்தவர்கள் எனப் பல தரப்பினரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து பேசினர். வெளியே பிரிவினைக் கலவரங்களில் நாடு இரத்தம் சிந்திக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சூழலில் இவர்கள் எவ்வாறு மாறுபட்டார்கள், எங்கே விட்டுக்கொடுத்தார்கள், எங்கே தவறினார்கள் என்பதை இக்கட்டுரை சில நிகழ்வுகளின் வழியாக விளக்குகிறது.

சபையின் அமைப்பும் விவாத நடைமுறையும்

1946ஆம் ஆண்டின் அமைச்சரவைத் தூதுக்குழுத் திட்டப்படி சபைக்கு 389 இடங்கள் ஒதுக்கப்பட்டன. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் வாக்குகளால் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். சுதேச அரசுகளுக்கு 93 இடங்கள் தரப்பட்டன. நாட்டுப் பிரிவினைக்குப் பின் உறுப்பினர் எண்ணிக்கை 299 ஆகக் குறைந்தது. இவர்களில் 15 பேர் பெண்கள். சென்னை மாகாணத்திலிருந்து தேர்வான அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகியோரும் அவர்களுள் அடங்குவர்.

முதல் கூட்டத்தில் மூத்த உறுப்பினரான சச்சிதானந்த சின்கா தற்காலிகத் தலைவராக இருந்தார். 1946 டிசம்பர் 11 அன்று இராஜேந்திர பிரசாத் நிலையான தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

விவாதத்திற்கெனத் தெளிவான ஒழுங்குமுறை இருந்தது. வரைவின் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே அவையில் வைக்கப்பட்டது. மாற்றம் வேண்டுவோர் திருத்தத்தை எழுத்தில் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். எந்தச் சொல்லை நீக்க வேண்டும், அந்த இடத்தில் எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். திருத்தத்தைக் கொண்டுவந்தவர் காரணங்களை விளக்குவார். பிறர் ஆதரித்தோ எதிர்த்தோ பேசுவர். இறுதியில் வரைவுக்குழுவின் சார்பில் பதில் அளிக்கப்படும். அந்தப் பதிலில் நிறைவு அடைந்தவர் அவையின் இசைவோடு தம் திருத்தத்தைத் திரும்பப் பெறலாம். நிறைவு அடையாதவர் வாக்கெடுப்பைக் கோரலாம். பேச்சுகள் அனைத்தும் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யப்பட்டு, பின்னர் 12 தொகுதிகளாக அச்சாயின.

இந்த நடைமுறையின் பயன் எளிதில் விளங்கக்கூடியது. "இந்த வரைவு மோசமானது" என்று ஒருவர் பொதுவாகக் குறை கூறிவிட்டு அமர்ந்துவிட முடியாது. எந்தச் சொல் மோசம், அதற்கு மாற்று என்ன என்பதை அவர் எழுதித் தர வேண்டும். எதிர்ப்பாளரையும் ஆக்கப்பணிக்குள் இழுத்துவரும் ஏற்பாடு இது. வரைவின்மீது 7,635 திருத்தங்கள் கொடுக்கப்பட்டன என்பதும், அவற்றுள் 2,473 திருத்தங்கள் அவையில் முறைப்படி முன்வைக்கப்பட்டன என்பதும் இதன் அளவைக் காட்டும்.

தொடக்க நாள்களின் கசப்பு

சபையின் தொடக்கம் இனிமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. 1946 டிசம்பர் 10 அன்று, இரண்டாம் நாள் கூட்டத்திலேயே ஐக்கிய மாகாண உறுப்பினர் ஆர்.வி. துலேகர் இந்துஸ்தானியில் பேசத் தொடங்கினார். உறுப்பினர்கள் பலருக்கு அம்மொழி தெரியாது என்று தற்காலிகத் தலைவர் சுட்டிக்காட்டினார். இந்துஸ்தானி தெரியாதவர்களுக்கு இந்தியாவில் இருக்கவே உரிமை இல்லை என்ற பொருள்படத் துலேகர் பதில் அளித்தார். அவையில் கூச்சல் எழுந்தது. தலைவர் அவரது பேச்சை நிறுத்தச் சொன்னார்.

மாறுபாட்டின் இருவேறு வகைகளை இந்நிகழ்ச்சி அடையாளம் காட்டுகிறது. "என் மொழிக்கு இந்த இடம் வேண்டும்" என்பது கருத்து. "இதை ஏற்காதவருக்கு இங்கே இடமில்லை" என்பது விலக்கல். முதல் வகையோடு வாதிடலாம். இரண்டாம் வகையோடு வாதிட வழியே இல்லை. பின்வந்த மூன்றாண்டுகளிலும் சபை இந்த இரண்டுக்கும் இடையிலான கோட்டைக் காப்பாற்றவே போராடியது.

குறிக்கோள் தீர்மானமும் அம்பேத்கரின் உரையும்

1946 டிசம்பர் 13 அன்று ஜவாகர்லால் நேரு குறிக்கோள் தீர்மானத்தை முன்மொழிந்தார். இந்தியா இறைமையுள்ள சுதந்திரக் குடியரசாக இருக்கும் என்று அத்தீர்மானம் அறிவித்தது. அப்போது முஸ்லிம் லீக் சபையைப் புறக்கணித்திருந்தது. சுதேச அரசுகளின் பிரதிநிதிகளும் வந்து சேரவில்லை. அவர்கள் இல்லாத நேரத்தில் அடிப்படையான ஒரு தீர்மானத்தை நிறைவேற்றுவது முறையாகாது என்று கருதிய எம்.ஆர். ஜெயகர், தீர்மானத்தை ஒத்திவைக்கும்படி திருத்தம் கொண்டுவந்தார். அவையில் பெரும்பான்மையாக இருந்த காங்கிரஸ் உறுப்பினர்கள் பலர் இதை விரும்பவில்லை.

டிசம்பர் 17 அன்று தலைவர் இராஜேந்திர பிரசாத் திடீரென அம்பேத்கரைப் பேச அழைத்தார். தமக்கு முன் இருபதுக்கும் மேற்பட்டோர் பட்டியலில் இருப்பதால் தம் முறை அன்று வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்று கூறியே அம்பேத்கர் தொடங்கினார். அவர் அப்போது வங்காளத்திலிருந்து தேர்வாகியிருந்தார். காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதோருக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945இல் தனி நூலே வெளியிட்டிருந்தவர். ஆகவே அவர் காங்கிரசைத் தாக்குவார் என்றே பலரும் எண்ணியிருக்கக்கூடும்.

அவரது உரை வேறு திசையில் சென்றது. நாடு இன்று அரசியலிலும் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பிளவுபட்டுக் கிடக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். மோதிக்கொள்ளும் அணிகளுள் ஒன்றின் தலைவர் தாமே என்றும் கூறினார். ஆயினும் காலமும் சூழ்நிலையும் கூடினால் இந்நாடு ஒன்றாவதை எதுவும் தடுக்க முடியாது என்ற நம்பிக்கையை வெளியிட்டார். மக்களை அச்சுறுத்தும் சொற்களையும் முழக்கங்களையும் விட்டுவிட்டு, எதிர்த்தரப்பினரின் அச்சங்களுக்குச் சற்று இடம் கொடுத்து அவர்களை அழைத்து வர வேண்டும் என்று வேண்டினார். தீர்மானத்தை நிறைவேற்றச் சபைக்கு உரிமை உண்டா என்பதை அவர் கேள்வியாக எழுப்பவில்லை. உரிமை இருந்தாலும் இப்போது அதைப் பயன்படுத்துவது விவேகமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

தீர்மானம் ஜனவரிக் கூட்டத்தொடருக்குத் தள்ளிப்போயிற்று. 1947 ஜனவரி 22 அன்று உறுப்பினர்கள் எழுந்து நின்று அதை ஏற்றனர். காத்திருந்தும் லீக் உடனே வந்துவிடவில்லை என்பது உண்மை. எனினும் சபைக்கு வேறொரு பயன் கிட்டியது. எதிரி எனக் கருதப்பட்டவரின் குரலில் பொறுப்புணர்ச்சி இருப்பதை அது கண்டுகொண்டது. பிரிவினையால் அம்பேத்கர் தம் வங்காள இடத்தை இழந்தபோது, 1947 ஜூலையில் பம்பாயிலிருந்து அவர் மீண்டும் தேர்வாகக் காங்கிரசே துணை நின்றது. 1947 ஆகஸ்ட் 29 அன்று அமைக்கப்பட்ட ஏழு பேர் கொண்ட வரைவுக்குழுவுக்கு அவர் தலைவரானார்.

கிராமமா, தனிமனிதனா?

அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் தயாரித்த முதல் வரைவின் அடிப்படையில் வரைவுக்குழு தன் வரைவை 1948 பிப்ரவரியில் அளித்தது. அது பொதுமக்களின் பார்வைக்கு வெளியிடப்பட்டு, எட்டு மாதங்கள் கருத்துக்காக விடப்பட்டது. 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அதை அவையில் முன்வைத்தார்.

வரைவில் காந்தியடிகள் போற்றிய கிராமப் பஞ்சாயத்துக்கு இடமே இல்லை. இதைப் பலர் குறையாகக் கூறினர். அம்பேத்கரோ தம் தொடக்க உரையிலேயே கிராமத்தைக் கடுமையாகச் சாடினார். அறியாமையும் குறுகிய மனப்பான்மையும் வகுப்புவாதமும் ஊறிக் கிடக்கும் இடமாகவே அதை அவர் வருணித்தார். வரைவு கிராமத்தை விடுத்துத் தனிமனிதனை அடிப்படை அலகாகக் கொண்டது தமக்கு மகிழ்ச்சி என்றும் கூறினார். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரியின் பக்கமிருந்து கிராமத்தைப் பார்த்தவரின் கருத்து அது. சபையிலிருந்த காந்தியவாதிகள் பலருக்கு இது மனவருத்தத்தை உண்டாக்கியது. எச்.வி. காமத், என்.ஜி. ரங்கா, ஓ.வி. அளகேசன் முதலியோர் அடுத்து வந்த நாள்களில் இக்கருத்தை மறுத்துப் பேசினர்.

இரண்டு பக்கமும் உண்மை இருந்தது. கிராமத்தில் தீண்டாமை இருந்தது உண்மை. மக்களுள் பெரும்பாலோர் கிராமத்தில் வாழ்ந்தனர் என்பதும், அவர்களுக்கு ஆட்சியில் பங்கு வேண்டும் என்பதும் உண்மையே. இந்நிலையில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கே. சந்தானம் 1948 நவம்பர் 22 அன்று ஒரு திருத்தத்தை முன்வைத்தார். கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கவும், அவை தன்னாட்சி அலகுகளாக இயங்குவதற்குத் தேவையான அதிகாரங்களை வழங்கவும் அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே அது. கிராமம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்ற வழக்குக்குள் அத்திருத்தம் போகவில்லை. பஞ்சாயத்தை வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாகச் சேர்ப்பதோடு நின்றுகொண்டது.

இரண்டரை வாரங்களுக்கு முன் கிராமத்தை அவ்வளவு கடுமையாகப் பேசிய அம்பேத்கர், அத்திருத்தத்தை ஏற்றுக்கொள்வதாகச் சுருக்கமாக அறிவித்தார். தம் முந்தைய கருத்தை மாற்றிக்கொண்டதாக அவர் சொல்லவில்லை. மற்றவர்களும் அப்படிச் சொல்லும்படி அவரை வற்புறுத்தவில்லை. இன்றைய அரசியலமைப்பின் 40ஆம் பிரிவு இவ்வாறு பிறந்தது. 1992இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தச் சட்டம் ஊராட்சிகளுக்கு முழு அரசியலமைப்பு நிலையை அளித்தது. அதில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு செய்யப்பட்டிருப்பதைக் காணும்போது, அம்பேத்கரின் அச்சமும் சந்தானத்தின் ஆசையும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றிருப்பது புலனாகும்.

தனிமனித சுதந்திரம்: தோற்ற வாதத்திற்கும் ஒரு பதில்

ஒருவரின் உயிரையும் சுதந்திரத்தையும் அரசு எப்போது பறிக்கலாம் என்பது சபையில் நீண்ட நேரம் பேசப்பட்ட மற்றொரு பொருள். "சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி" பறிக்கலாம் என்றது வரைவு. இது போதாது, அந்தச் சட்டமே நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயும் வகையில் "உரிய சட்ட நெறிமுறை" என்ற தொடர் வேண்டும் என்று பலர் கேட்டனர். நாடாளுமன்றத்தின் பெரும்பான்மை தவறான சட்டம் இயற்றினால் குடிமகனைக் காப்பவர் யார் என்பது அவர்களின் கேள்வி.

1948 டிசம்பர் 13 அன்று அம்பேத்கர் அளித்த பதில் ஒரு சட்ட அமைச்சரிடமிருந்து எளிதில் எதிர்பார்க்க முடியாதது. சட்டமன்றம் எப்போதும் நேர்மையாக நடக்கும் என்று நம்ப முடியாது என்ற வாதத்தையும், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் சட்டத்தை ஐந்தாறு நீதிபதிகள் தள்ளிவிடுவது சரியாகாது என்ற வாதத்தையும் அவர் சம எடையோடு எடுத்துரைத்தார். இரண்டிலும் ஆபத்து இருப்பதால் முடிவை அவையின் விருப்பத்துக்கே விடுவதாகக் கூறினார். வாக்கெடுப்பில் வரைவே நிலைத்தது.

கதை அத்துடன் முடியவில்லை. வெளியே பொதுமக்களிடையிலும் வழக்கறிஞர்களிடையிலும் அதிருப்தி தொடர்ந்தது. 1949 செப்டம்பர் 15 அன்று அம்பேத்கர் புதிய பிரிவு ஒன்றைக் கொண்டுவந்தார். கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடமளிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்ற விதிகள் அதில் இருந்தன. முந்தைய பிரிவை நிறைவேற்றியதால் ஏற்பட்ட குறைக்கு ஈடுசெய்யும் முயற்சி இது என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். இதுவே இன்றைய 22ஆம் பிரிவு. அதே பிரிவு தடுப்புக் காவலுக்கும் இடம் தந்ததைப் பக்‌ஷி தேக் சந்த் போன்றோர் வன்மையாகக் கண்டித்தனர்.

அக்கண்டனம் வீண்போகவில்லை. சென்னை மாநில அரசால் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில் 1950இல் உச்ச நீதிமன்றம் குறுகிய பொருளையே எடுத்துக்கொண்டது. ஆனால் 1978இல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை என்பது நியாயமானதாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் விளக்கம் அளித்தது. அவையில் தோற்றுப்போன வாதம் முப்பது ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் உயிர்பெற்றது எனலாம்.

சிறுபான்மையினர் பாதுகாப்பு

எல்லா மாறுபாடுகளும் இணக்கத்தில் முடிந்துவிடவில்லை. 1947 ஆகஸ்ட் 27 அன்று, பிரிவினை நடந்து இரு வாரங்களே ஆன நிலையில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பி. போக்கர் சாகிப் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி முறை தொடர வேண்டும் என்று வேண்டினார். அவை அதை நிராகரித்தது. மத அடிப்படையிலான இட ஒதுக்கீடு மட்டும் அப்போது ஏற்கப்பட்டது. 1949 மே மாதம் அதையும் கைவிட ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது.

அப்போது காயிதே மில்லத் எனப் போற்றப்படும் முகமது இஸ்மாயில், தனி வாக்காளர் தொகுதி முறை வேண்டும் என்ற நிலைப்பாட்டை மீண்டும் எடுத்துரைத்தார். முஸ்லிம் உறுப்பினர்களுள்ளேயே பேகம் அய்சாஸ் ரசூல் அவரிடமிருந்து மாறுபட்டார். சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து நிலையாகப் பிரித்துவைக்கும் ஏற்பாடு சிறுபான்மையினருக்கே தீங்கு என்பது அவர் வாதம். வல்லபாய் படேல் தம் பதிலுரையில் பிரிவினையின் புண்ணை நினைவூட்டி, பழைய முறைக்குத் திரும்ப முடியாது என்று உறுதியாகக் கூறினார்.

இந்த விவாதத்தில் சொற்கள் சில நேரங்களில் கடுமையாக இருந்தன. பிரிவினைக்குப் பின் அங்கே எழுந்து நின்று அக்கோரிக்கையை வைப்பதற்கே துணிவு வேண்டியிருந்தது. தோற்ற பிறகும் இஸ்மாயில் அரசியலை விட்டு விலகவில்லை. 1948 மார்ச்சில் சென்னையில் உருவான இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தலைமையேற்று நடத்தி, எந்தப் பொதுத் தொகுதி முறையை எதிர்த்தாரோ அதே முறையில் போட்டியிட்டு 1962, 1967, 1971 தேர்தல்களில் மக்களவைக்குச் சென்றார். தோற்றவர் ஆட்டத்தைக் கலைக்காமல் விதிகளை ஏற்பதும், வென்றவர் தோற்றவருக்கு இடம் தருவதும் சேர்ந்தால்தான் மக்களாட்சி நடக்கும் என்பதற்கு இது சான்று.

ஆட்சிமொழி விவாதம்

சபையைப் பிளக்கும் அளவுக்குப் போன விவாதம் மொழியைப் பற்றியது. 1948 நவம்பர் 5 அன்றே டி.டி. கிருஷ்ணமாச்சாரி தென்னகத்தின் சார்பில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மொழி ஆதிக்கம் வந்தால் பிரிவினை கேட்பவர்களின் கைதான் வலுப்பெறும், முழு இந்தியா வேண்டுமா இந்தி இந்தியா வேண்டுமா என்பதை வடக்கின் நண்பர்கள் முடிவு செய்யட்டும் என்பது அதன் சாரம்.

1949 செப்டம்பர் 12 அன்று விவாதம் தொடங்கியபோது 300க்கும் மேற்பட்ட திருத்தங்கள் காத்திருந்தன. இராஜேந்திர பிரசாத் உறுப்பினர்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரு வேண்டுகோள் விடுத்தார். எவர் மனத்தையும் புண்படுத்தும் சொல் வேண்டாம் என்றார். வாக்கு எண்ணிக்கையில் வெல்வது மட்டும் போதாது, நாட்டின் ஒரு பெரும் பகுதி ஏற்காத முடிவை நடைமுறைப்படுத்தவே முடியாது என்றும் நினைவூட்டினார். இந்தியின்மீது பற்றுக்கொண்டிருந்த அவரே இவ்வாறு சொன்னது குறிப்பிடத்தக்கது.

என். கோபாலசாமி ஐயங்கார் முன்மொழிந்த சமரசத் திட்டத்தை இரு பக்கத்தினரும் குறை கூறினர். புருஷோத்தம் தாஸ் தாண்டன், சேட் கோவிந்த தாஸ் முதலியோர் இந்தி விரைவில் வர வேண்டும் என்றும் தேவநாகரி எண்களே வேண்டும் என்றும் வாதிட்டனர். இலட்சுமி காந்த மைத்ரா சமஸ்கிருதத்தை முன்னிறுத்தினார். ஜெய்பால் சிங் பழங்குடி மொழிகளுக்காகப் பேசினார். கோயம்புத்தூரைச் சேர்ந்த டி.ஏ. இராமலிங்கம் செட்டியார், தென்னாட்டு மொழிகளின் தொன்மையைச் சுட்டி, இது தெற்கிற்கு வாழ்வா சாவா என்ற கேள்வி என்பதை அவைக்கு உணர்த்தினார்.

செப்டம்பர் 14 அன்று எட்டப்பட்ட முடிவு யாருக்கும் முழு வெற்றி தரவில்லை. "தேசிய மொழி" என்ற சொல் தவிர்க்கப்பட்டு, தேவநாகரி எழுத்தில் இந்தி ஒன்றிய அரசின் ஆட்சிமொழி ஆனது. எண்கள் பன்னாட்டு வடிவில் இருக்கும் என்று முடிவாயிற்று. ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும். அதன் பின்னும் தேவையானால் ஆங்கிலத்தைத் தொடரச் செய்ய நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். எட்டாவது அட்டவணையில் தமிழ் உள்ளிட்ட 14 மொழிகள் இடம்பெற்றன.

இந்த ஒப்பந்தம் சிக்கலைத் தீர்க்கவில்லை, ஒத்திவைத்தது என்ற விமர்சனம் உண்டு. 15 ஆண்டுக் கெடு முடிந்த 1965 ஜனவரியில் தமிழகத்தில் வெடித்த கிளர்ச்சியும் அதில் பலியான உயிர்களும் அவ்விமர்சனத்துக்கு வலுச் சேர்க்கின்றன. அதே வேளையில், ஆங்கிலம் தொடர வழிசெய்த 1963ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதை உறுதிப்படுத்திய 1967ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கும் இடம் கொடுத்தது, 1949இல் சபை திறந்து வைத்த அந்தச் சிறு கதவுதான். தம்மால் இறுதியாகத் தீர்க்க முடியாததை அடுத்த தலைமுறை தீர்க்க இடம் வைத்துவிட்டுப் போனதும் ஒருவகை நேர்மையே.

கடவுளின் பெயரால்

1949 அக்டோபர் 17 அன்று முகவுரை விவாதிக்கப்பட்டபோது, "கடவுளின் பெயரால்" என்று அது தொடங்க வேண்டும் என எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். கடவுளை வாக்கெடுப்புக்கு விடும் நிலைக்கு ஆளாக்க வேண்டாம் என்று அவையில் கேட்டுக்கொள்ளப்பட்டது. காமத் விட்டுக்கொடுக்கவில்லை. திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை, தாம் இறை நம்பிக்கை உடையவர் என்றபோதிலும் நம்பிக்கை இல்லாதவர்மீது அதைச் சுமத்தக் கூடாது என்ற நோக்கில் எதிர்த்தார். கைகள் எண்ணப்பட்டன. ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது. பக்தி மிகுந்த உறுப்பினர்கள் நிறைந்திருந்த அவையில், தம் நம்பிக்கையைப் பிறர்மீது ஏற்றலாகாது என்ற கருத்து வென்றது இந்நிகழ்ச்சியின் சிறப்பு.

சபையின் குறைபாடுகள்

சபையை மிகைப்படுத்திப் புகழ்வதும் வரலாறு ஆகாது. அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த மாகாணச் சட்டமன்றங்களே, சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளால் வரையறுக்கப்பட்ட ஒரு சிறு பகுதி மக்களின் வாக்கால் அமைந்தவை. பிரிவினைக்குப் பின் காங்கிரசின் பெரும்பான்மை அளவுகடந்து இருந்தது. முக்கியமான பல முடிவுகள் கட்சிக் கூட்டத்தில் எடுக்கப்பட்ட பின்னரே அவைக்கு வந்தன. முஸ்லிம் லீக்கின் பெரும்பகுதி தொடக்கத்தில் வெளியே நின்றது. மௌலானா அசரத் மோகானி போன்றோர் சபையின் பிரதிநிதித்துவத் தன்மையையே கேள்விக்கு உட்படுத்தினர். கே.டி. ஷா "மதச்சார்பற்ற, சோசலிச" என்ற சொற்களைச் சேர்க்க முயன்று தோற்றார். அச்சொற்கள் 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால்தான் முகவுரையில் இடம்பெற்றன.

எதிர்ப்பாளர்களுக்கு நன்றி

1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் தம் நிறைவுரையை ஆற்றினார். பட்டியல் சாதியினரின் நலன்களைக் காப்பதைத் தவிர வேறு நோக்கமின்றியே தாம் சபைக்கு வந்ததாகவும், வரைவுக்குழுவின் தலைமை தமக்கு வியப்பளித்ததாகவும் அவர் கூறினார். பி.என். ராவுக்கும் எஸ்.என். முகர்ஜி உள்ளிட்ட அலுவலர்களுக்கும் நன்றி சொன்னார். அதன் பின், ஓயாமல் திருத்தங்கள் கொடுத்துத் தம்மைத் துளைத்தெடுத்தவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். காமத், பி.எஸ். தேஷ்முக், சித்வா, சக்சேனா, தாக்கூர் தாஸ் பார்கவா, கே.டி. ஷா, குன்ஸ்ரு ஆகியோர் அவர்கள். எல்லாரும் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்கிப் போயிருந்தால் சபை சுவையற்றுப் போயிருக்கும், அவர்களின் திருத்தங்கள் பலவற்றைத் தம்மால் ஏற்க முடியாவிட்டாலும் அவர்கள் எழுப்பிய கேள்விகளே அரசியலமைப்பின் கோட்பாடுகளை விளக்கத் தமக்கு வாய்ப்பளித்தன என்பது அப்பாராட்டின் கருத்து.

அதே உரையில் அவர் எச்சரிக்கையும் செய்தார். இனி வன்முறை வழிகளை விட்டு அரசியலமைப்பு வழியிலேயே குறைகளைத் தீர்க்க வேண்டும். எந்தத் தலைவரையும் கண்மூடி வழிபடக் கூடாது. சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவம் இல்லாமல் அரசியல் சமத்துவம் நிலைக்காது என்றார். மாறுபட்டுப் பேசும் உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, பேசுபவர் சமமாக மதிக்கப்படும் சமூகமும் வேண்டும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

முடிவுரை

1950 ஜனவரி 24 அன்று 284 உறுப்பினர்கள் அரசியலமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டனர். அவர்களுள் அச்சட்டத்தின் ஒவ்வொரு வரியிலும் மனநிறைவு கொண்டவர் எவரேனும் இருந்திருப்பாரா என்பது ஐயமே. இருந்தும் அவர்கள் கையொப்பமிட்டனர்.

சபை விவாதங்களிலிருந்து மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்க செய்திகள் சில உண்டு. எதிர்ப்பவர் தம் மாற்றை எழுதித் தர வேண்டும் என்ற விதி பேச்சைப் பயனுள்ளதாக்கியது. உரிமை இருக்கிறதா என்பதோடு, இப்போது அது விவேகமா என்ற கேள்வியும் கேட்கப்பட்டது. எதிர்த்தரப்பின் ஒரு திருத்தத்தை ஏற்பது தோல்வியாகக் கருதப்படவில்லை. அங்கே தோற்ற வாதங்கள் அழிக்கப்படவும் இல்லை. அச்சில் ஏறிப் பிற்காலத்தாருக்குக் கிடைத்தன. "சமன்செய்து சீர்தூக்கும் கோல்" என்று நடுவுநிலைமைக்கு வள்ளுவர் காட்டிய உவமையை நினைவில் கொண்டு அந்த 12 தொகுதிகளில் ஒன்றையேனும் படிப்பவர், அந்தக் கோல் பலமுறை ஒரு பக்கம் சாய்ந்ததையும், சாய்ந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எழுந்து நின்று அதைச் சுட்டிக்காட்டியதையும் காண்பார்.